தவணை உள்ளவரை சென்னியப்பன்

ஓடைப்பாளையம் மேட்டுத்தெரு சென்னியப்பன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து செத்துப்போனான். அவனைத் தூக்கிவந்து வாடகை வீட்டின் முன்னறையில் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடைக்குத் துணி கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி முடிப்பதற்குள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கூட்டம் அந்த வீட்டில்தான் நடக்கும், ஏனென்றால் சென்னியப்பனின் மனைவி மைனாவதிதான் குழுவுக்கு வீடு கொடுத்தவள். சாவு விழுந்ததற்காகக் கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை, எப்படியும் குழுப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பைனான்ஸ் கம்பெனியின் வசூல்காரப் பையன் திவாகர் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து, செருப்பைக் கழற்றி, பிணத்தைக் கும்பிட்டுவிட்டு அதன் கால்மாட்டில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தான். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வரிசையாக அமர்ந்து, தவணை தவறமாட்டோம், ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோரும் சேர்ந்து கட்டுவோம் என்ற வழக்கமான உறுதிமொழியை, சாவு வீடென்ற மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியாகப் பணம் கட்டி முடித்து, மைனாவதியின் முறை வந்தபோது அவள் புருஷனின் தலைமாட்டில் மயங்கிக் கிடந்தாள்.

"அவ எப்படிக் கட்டுவா இன்னிக்கு, நாமளே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிருவோம்," என்றாள் குழுத்தலைவி ராஜாமணி.

திவாகர் அப்போது வேலைக்குப் புதிது, மனதில் ஈரம் காயாதவன். "வேண்டாங்க்கா. இந்தக் கடனுக்கு ஊட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்காரு, இன்சூரன்ஸ் இருக்குது. இந்த வாரம் கட்டாம உட்டுட்டீங்கன்னா, ஆள் போயிட்டாருன்னு எழுதி முழுக்கடனையும் தள்ளுபடி பண்ணிரலாம்," என்றான்.

"தள்ளுபடி ஆகறப்ப ஆவட்டும் தம்பி. இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு வாரம் நாங்க தவறுனதில்ல. தவறுச்சுன்னு ஒரு தடவை ஏறிப்போச்சுன்னா அடுத்த வாட்டி பெரிய லோன் தருவீங்களா?"

தர மாட்டார்கள் என்பது திவாகருக்கும் தெரியும். பெண்கள் முந்தானை முடிச்சுகளை அவிழ்த்துச் சில்லறையும் நோட்டுமாகச் சேர்த்தார்கள். எல்லாம் சேர்த்தும் ஒரு ரூபாய் குறைந்தது. ராஜாமணி சுற்றுமுற்றும் பார்த்தாள், எழுந்து போய்ச் சென்னியப்பனின் நெற்றியிலிருந்த காசை எடுத்துச் சேலையில் துடைத்துத் தட்டில் போட்டாள். திவாகர் டேப்லெட்டில் பச்சைப் பொத்தானைத் தொட்டான். சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான்.

தாடைக்கட்டை அவனே அவிழ்த்துக்கொண்டு, "ஏம்புள்ள, என்ற காலை எதுக்குக் கட்டி வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டான்.

ஓடைப்பாளையத்தில் யாரும் அலறவில்லை, ஓடவும் இல்லை. கடன் வாங்கிக் கடன் கட்டிப் பழகிய ஊருக்கு இதைவிட நம்ப முடியாத பலதும் பழகிப்போயிருந்தது. பறையடிக்க வந்தவர்கள் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டுமா என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. பாடைக்கு மூங்கில் வெட்டியவன், வெட்டினது வெட்டினதுதான், காசு தந்தாக வேண்டும் என்றான். டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, துடிப்பு இல்லை, தான் கொடுத்த சான்றிதழ் செல்லும் என்றார். திவாகர் போனில் கேட்டதற்கு அவனுடைய மேனேஜர், தவணை கட்டியாகிவிட்டது, ஆளும் உட்கார்ந்திருக்கிறான், இதில் இன்சூரன்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஆக, ரேஷன் கார்டில் சென்னியப்பனின் பெயரை அடித்துவிட்டார்கள், கடன் கணக்கில் அவன் பெயர் அப்படியே நின்றது. வாங்குகிற இடத்திலெல்லாம் அவன் செத்தவன், கொடுக்கிற இடத்திலெல்லாம் இருப்பவன். இதில் அநியாயம் இருப்பதாக ஊரில் ஒருவருக்கும் படவில்லை, உயிரோடு இருந்தபோதும் அவன் கணக்கு ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மைனாவதி அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை கிணற்றுத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது.

"எப்படிங்க இருக்குது?"

"அசதியா இருக்குது புள்ள. படுத்தா உள்ள போயிரலாம்னு தெரியுது, ஆனா உடமாட்டேங்குது. கடன் இருக்கற மட்டும் உடாதாட்ட இருக்குது."

மைனாவதி அவனை மாமன் மகன் என்பதற்காகக் கட்டிக்கொண்டவள் அல்ல, பிரியப்பட்டுக் கட்டிக்கொண்டவள். அவன் அசதி அவளுக்குப் பொறுக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றி அதன்மேல் கையடித்து, "ஒத்த ரூவா பாக்கியில்லாம அத்தனை கடனையும் அடைச்சு உங்களை அனுப்பி வெக்கறேங்க," என்று சத்தியம் செய்தாள். அந்த நேரத்தில் அவள் அதை முழு மனதோடுதான் சொன்னாள், இதில் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அடைக்க வேண்டியது கொஞ்சநஞ்சமல்ல. குழுக்கடன் இருந்தது, மொபெட்டுக்கு மாதத் தவணை இருந்தது, வங்கியில் அவளுடைய தோடும் செயினும் இருந்தன, தறிப்பட்டறை முதலாளி ரத்தினசபாபதியிடம் கல்யாணத்தின்போது வாங்கிய அட்வான்ஸ் குட்டிபோட்டுப் பெருகியிருந்தது, சந்தையில் உட்கார்ந்து வட்டிக்கு விடுகிறவனிடம் மகள் பிரதீபாவின் காலேஜ் பீஸுக்காக வாங்கிய தொகை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மைனாவதி இதுவரை ஒன்றை வாங்கி ஒன்றைக் கட்டி, அதை வாங்கி இதைக் கட்டி, பந்து விளையாடுவதுபோல் எதையும் கீழே விழாமல் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். இப்போது முதன்முறையாக ஆடிட்டர் பரந்தாமனிடம் போய்க் கேட்டாள். அவர், பெரிய கடனைப் பார்த்துப் பயப்படாதே அம்மிணி, வட்டி எதற்கு அதிகமோ அதை முதலில் வெட்டு, தங்கம் வங்கியிலேயே தூங்கட்டும், புதிதாக எதுவும் வாங்காதே என்றார். பேங்குப் பரீட்சை எழுதியவர்கள்கூட நடத்திக்காட்ட முடியாத ஒழுங்கோடு மைனாவதி அதை நடத்தினாள். தீபாவளிக்குத் துணியில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கறியில்லை, அவள் செருப்பு அறுந்த பிறகு வேறு செருப்பில்லை.

சென்னியப்பன் மூன்று ஷிப்டும் போனான். பசிக்காது, தூக்கம் வராது, ஒதுங்கப் போகவேண்டியதில்லை. "டீக்குக்கூட நிக்கறதில்லைங்க, உசுரோட இருக்கறப்ப இப்படிப் பாத்திருந்தா இந்நேரம் பட்டறையே வாங்கியிருப்பாப்பல," என்று ரத்தினசபாபதி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒன்றுதான் குறை, செத்த உடம்பில் காயம் ஆறாது. தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை பாய்ந்து கிழித்த இடம் கிழிந்தபடியே இருக்கும். மைனாவதி அவன் வீட்டுக்கு வந்துபோகும் கொஞ்ச நேரத்தில் பாவு நூலைக் கோத்து, அறுந்த இழையைத் தறிக்காரர்கள் முடிகிற முடிச்சையே போட்டு, கிழிசல்களைத் தைத்துவிடுவாள். அப்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செத்தவர்களுக்கு வலிக்காது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வலிக்கும் என்பது மைனாவதிக்கு மட்டும் தெரியும், அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று ஷிப்டு சம்பளம் சேர்ந்து வருஷ வருமானம் வரி வரம்பைத் தாண்டியபோது ஆடிட்டர் பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நெடுநேரம் யோசித்தார். செத்தவனின் வருமானத்துக்கு வாரிசு ரிட்டர்ன் போடலாம், ஆனால் செத்த பிறகு சம்பாதித்ததற்கு யார் போடுவது? கடைசியில், செத்தவர்களுக்கு விலக்கு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, வருமானம் வந்தால் வரி உண்டு என்று முடிவுக்கு வந்து சென்னியப்பன் பெயரிலேயே ரிட்டர்ன் தாக்கல் செய்தார். தறிக்காரத் தெருவில் வருமான வரி கட்டிய முதல் ஆள் அவன்தான். உயிரோடிருந்தபோது அவன் வாசலில் ஏறாத பெரிய மனிதர்கள் இரண்டொருவர் அதைக் கேள்விப்பட்டு வந்து அவனுக்குச் சால்வை போர்த்திவிட்டுப் போனார்கள்.

ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? சென்னியப்பன் எழுந்தது எதனால் என்று யாரும் சாமியாடியைத் தேடிப் போகவில்லை. எதனால் என்பது ராஜாமணிக்கே தெரியும், அவள்தான் காசை எடுத்தவள். கடன் பாக்கி இருக்கையில் உயிர் போய், பிணம் எடுப்பதற்குள் தவணை கட்டிவிட்டால் ஆள் எழுந்துவிடுவான், அவ்வளவுதான் விஷயம். அதன் பிறகு யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்றால் வீட்டிலுள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் பைனான்ஸுக்கு ஓடினார்கள். நடுங்குகிற விரலைப் பிடித்து மெஷினில் வைத்துக் கடன் வாங்கினார்கள். சிலர் அழுதுகொண்டே வாங்கினார்கள், அப்பாவை விட மனமில்லாமல், அம்மா முகத்தை இன்னும் கொஞ்சநாள் பார்க்கவேண்டுமென்று. சிலர் அழாமலே வாங்கினார்கள். இரண்டு வகையாரின் அப்பா அம்மாவும் ஒரே ஷிப்டுக்குத்தான் போனார்கள். விடிந்தால் மேட்டுத்தெருவிலிருந்து செத்தவர்கள் கூட்டமாக, பேச்சில்லாமல், தூக்குவாளி இல்லாமல் பட்டறைகளுக்கு நடந்தார்கள், உயிரோடிருந்த தறிக்காரர்கள் வாசல் திண்ணையில் வேலையில்லாமல் உட்கார்ந்து பீடி குடித்தார்கள், ஏனென்றால் முதலாளிகள் கூலியைச் செத்தவர்கள் கணக்குக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். சுடுகாட்டு வெட்டியானுக்குப் பிழைப்புப் போய், அவனும் ஒரு பட்டறையில் நூல் கட்டச் சேர்ந்தான்.

ராஜாமணியின் மகள் வயிற்றுப் பேரன், இரண்டாங் கிளாஸ் படித்தவன், மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது ராஜாமணி திவாகரின் ஆபீஸ் வாசலில் போய் விழுந்தாள். எவ்வளவு சிறிய கடனானாலும் சரி, நூறு ரூபாயானாலும் சரி, பையன் பேரில் கொடுங்கள் என்று அவன் காலைப் பிடித்தாள். மைனருக்குக் கடன் கொடுக்க ரூல் இல்லை என்று திவாகர் சொன்னான். வருத்தமாகத்தான் சொன்னான். பையன் அன்றைக்கே போய்ச்சேர்ந்தான், போனவன் போனவன்தான், எழவில்லை. மேட்டுத்தெருவில் பல வருஷம் கழித்துப் பறைச்சத்தம் கேட்டது அன்றுதான். பிள்ளைக்கு ஒரு கடன் வாங்கித்தர வக்கில்லாத குடும்பம் என்று ராஜாமணியின் சம்பந்தி வீட்டார் பேசினார்கள்.

மைனாவதியின் கடன்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சந்தைக் கடன் போயிற்று, மொபெட் போயிற்று, முதலாளியின் அட்வான்ஸைக் கழித்துவிட்டு வந்த நாளில் சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். நகை திரும்பி வந்தது. அவன் விரல்களில் பாதி தேய்ந்து, காதோரம் தையல் பிரிந்து, பார்க்கப் பயங்கரமாகத்தான் இருந்தான், ஆனால் முகம் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் குழுக்கடன் ஒன்றுதான் மிச்சம், அதிலும் சில வாரங்கள்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரதீபாவைப் பெண்கேட்டு சங்ககிரிப் பக்கமிருந்து வந்தார்கள். பையன் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தான், நல்ல நிறம், நல்ல சம்பளம். பையனின் அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, "எல்லாம் புடிச்சிருக்குதுங்க. சொந்த வீடுன்னு ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். நாளைக்கு மாப்பிள்ளை வந்து போறதுக்கு வாடகை வீடு நல்லாருக்குமுங்களா?" என்றாள். பிரதீபா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் திவாகர் காரில் வந்தான். இப்போது அவன் கிளை மேனேஜர், உடம்பு போட்டிருந்தான். மனதில் இருந்த ஈரம் காய்ந்து நாளாகியிருந்தது.

"அக்கா, அண்ணனோட கடன் ஸ்கோர் இந்த ஜில்லாவுலயே முதல் எடம். மூணு வருச ஐடி ரிட்டர்ன் சுத்தமா இருக்குது. ஒரு தவணை தவறல. சோத்துச் செலவு இல்ல, ஆஸ்பத்திரிச் செலவு இல்ல, சாவப்போறதும் இல்ல. இப்படி ஒரு ஆளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கலீன்னா யாருக்குக் கொடுக்கறது? பழைய கடன் முடியறதுக்குள்ள எழுதிரணும், முடிஞ்சுபோச்சுன்னா அண்ணனே இருக்கமாட்டாரு."

"வேண்டாம் தம்பி. நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கறேன்."

"சரிங்க்கா. அண்ணன் போயிட்டா அடுத்த மாசம் வாடகைக்கு என்ன பண்றதுன்னும் யோசிச்சிருப்பீங்க."

அவள் யோசித்திருக்கவில்லை. கடனை அடைப்பது எப்படியென்று இத்தனை வருஷம் யோசித்தவள், அடைத்த பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. திவாகர் போன பிறகு பிரதீபா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா இருந்துட்டுப் போகட்டுமே. அவருக்கென்ன, வலிக்கவா போகுது?"

மைனாவதி மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பிரதீபா இன்னும் நாலு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பாள், சங்ககிரிக்காரர்கள் வேறு பெண் பார்த்திருப்பார்கள், மகள் தன்னைப்போலவே ஒரு தறிக்காரனைக் கட்டிக்கொண்டு இதே வாடகை வீட்டில் கடனை வைத்துப் பந்து விளையாடியிருப்பாள். மைனாவதி குழம்பைக் கிளறிக்கொண்டு, "வலிக்காது கண்ணு," என்றாள்.

கடைசித் தவணைச் செவ்வாய்க்கிழமை வந்தது. சென்னியப்பன் முதல்நாளே ரத்தினசபாபதியிடம் கணக்கு முடித்துச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டான். தன்னோடு வேலை பார்த்த செத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்து, சீக்கிரமே உங்களுக்கும் முடியும் என்று தைரியம் சொன்னான். தண்ணீர் பட்டால் தையல் ஊறும் என்பதால் பல வருஷமாகக் குளிக்காதவன் அன்று தலைமுழுகி, வெள்ளை வேட்டி கட்டி, முன்னறையில் பாய் விரித்து வைத்தான். குழுப் பெண்கள் வந்தார்கள், தெரு ஜனம் வந்தது, திவாகர் கைரேகை மெஷினோடு வந்தான். அதில் எழுதுவது வீட்டுக்கடன் என்பது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும், சென்னியப்பனைத் தவிர.

"அண்ணனோட ரேகை வேணுமுங்க," என்றான் திவாகர், மெஷினைப் பார்த்துக்கொண்டே.

"முடிச்சு வெக்கறதுக்குங்களா? வெச்சுட்டாப் போகுது."

கட்டைவிரலை வைத்தான், மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. நூல் அறுத்து அறுத்து அதில் ரேகையே இல்லை. அடுத்த விரலை வைத்தான், அதுவும் ஆகவில்லை. இன்னொன்றில் முனையே இல்லை. இதற்குப் போய் நின்றுவிடுமோ என்று சென்னியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி ஒவ்வொரு விரலாகத் தடவி வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தான், "நல்லா அமுத்தட்டுங்களா சார்? இந்தக் கையில பாருங்க சார், சுண்டுவிரல் கொஞ்சம் நல்லாருக்கும்," என்று கெஞ்சினான். மைனாவதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது எல்லா விரலும் ஆகாமல் போகட்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள், ஆகாமல் போய்விடுமோ என்று அதே மூச்சில் பயந்தாள். இடது கைச் சுண்டுவிரலுக்கு விளக்கு பச்சையானது.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க," என்றாள் மைனாவதி.

சென்னியப்பன் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். மகளின் தலையைத் தொட்டான். மைனாவதியிடம் அவனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது, கூச்சத்தில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் பாயில் படுத்து, கைகளை மார்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ராஜாமணி பழக்கத்தில் ஒப்பாரிக்கு வாயெடுத்து, நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று.

"கம்ப்யூட்டர்ல ஏறறதுக்கு நேரமாகுமாட்ட இருக்குது," என்றான் அவன் கண்ணைத் திறக்காமல்.

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பட்டறைச் சங்கு ஊதியது. வந்திருந்தவர்களில் செத்தவர்கள் முதலில் எழுந்து போனார்கள், அவர்களுக்கு நேரமாகிவிட்டது. பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். திவாகர் மெஷினைப் பையில் போட்டு ஜிப்பை மெதுவாக இழுத்தான், ஆனாலும் அது கேட்டது. சென்னியப்பன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். புருஷன் போகிறான் என்று அழுகிற அழுகையா, போகவில்லை என்று அழுகிற அழுகையா என்று அவனுக்குத் தெரியாதா என்ன, கூடவே வாழ்ந்தவன்.

"எத்தன வருசம் புள்ள?"

"இருவதுங்க."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் படுத்திருந்தான். கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"நல்ல வீடா?"

"நல்ல வீடுங்க. கெழக்குப் பாத்த வாசல். ரெண்டு பெட்ரூம். ஒண்ணு பிரதீபாவும் மாப்பிள்ளையும் வந்தா தங்கறதுக்கு, ஒண்ணு எனக்கு." அழுகைக்கு நடுவே அவளுக்குப் பேச்சு தன்னால் வந்தது, இத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. "சமையல்கட்டுல கல்லு மேடை. மாடிக்குப் படி."

"எனக்கு எங்க?"

"மூணு ஷிப்டும் போற ஆளுக்கு ரூம் எதுக்குங்க?" என்றாள் மைனாவதி.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. சென்னியப்பன், அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையாட்டினான். எழுந்து, பாயைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனான்.